லேசர் பிரிண்டரும் 31 பெட்டி ஓட்டைப் பேப்பரும்

பெங்களூர் கலாசிபாளையத்தில் மாமாவின் லாரி ஆபீசுக்கு மேலே ஒரு சின்ன அறை. அங்கே 31 பெட்டி கம்ப்யூட்டர் பேப்பர் அடுக்கியிருந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக வருமே, அந்தப் பேப்பர். பெட்டிக்கு 1,000 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆபீஸ் பெயர், நாமக்கல் கிளையின் முகவரி, கட்டம், கோடு எல்லாம் முன்பே அச்சாகிவிட்டது. வாடகை பில்லுக்கான பேப்பர் அது. மொத்தமாக அடித்தால் விலை குறையும் என்று கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு ஆகிற அளவை ஒரே தடவையில் வாங்கி வைத்துவிட்டார்.

பேப்பரில் ஒரு குறையும் இல்லை. பில் வாங்கும் கம்பெனிகள்தான் மாறிவிட்டன. இப்போது அவர்கள் பில்லை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிய பிறகுதான் பணம் போடுகிறார்கள். ரிப்பனை ஊசியால் குத்தி எழுத்து அடிக்கும் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், அதுவும் ரிப்பன் பாதி தேய்ந்த பிறகு அடித்த எழுத்தை ஸ்கேனில் பார்த்தால் 3 எது 8 எது என்று தெரியாது. ஒரே மாதத்தில் ஏழு பில் திரும்பி வந்தது.

"மாப்ள, இந்தப் பேப்பரை வீணாக்காம லேசர்ல அடிக்க ஏதாச்சும் மெஷின் இருக்குதான்னு பாரு. மேசை மேல வெக்கற மாதிரி சின்னதா இருந்தாப் போதும்" என்றார் மாமா.

"பாக்கறனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் சுற்றினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

முதலில் பேப்பரை அளந்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களும் கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. கடையில் 10க்கு 12 என்று சொல்லி விற்கும் பேப்பர் இது. ஓட்டைப் பட்டையையும் சேர்த்து 10 அங்குல அகலம், மடிப்புக்கு மடிப்பு 12 அங்குல நீளம். ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை அரை அங்குலம். ஆக ஒரு பக்கத்தின் ஓரத்தில் 24 ஓட்டை. அங்குலத்துக்கு 6 வரி என்பது டாட் மேட்ரிக்ஸின் வழக்கமான கணக்கு என்பதால், ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்குள் சரியாக 3 வரி, பக்கத்துக்கு 72 வரி. குறுக்கே அங்குலத்துக்கு 10 எழுத்து, 80 எழுத்துக்கு 8 அங்குலம். ஓட்டை, வரி, எழுத்து எல்லாம் ஒரே அளவுகோலில் கோத்த மாதிரி உட்காருகின்றன. அளந்து முடித்தபோது இந்தப் பேப்பரின் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

எடையையும் பார்த்தேன். லாரி ஆபீசில் தராசுக்கா பஞ்சம். அட்டைப் பெட்டி இல்லாமல் 1,000 பக்கம் 4.65 கிலோ இருந்தது. ஒரு பக்கத்தின் பரப்பு 0.0774 சதுர மீட்டர் என்றால் 1,000 பக்கம் 77.4 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 60 கிராம். பெரும்பாலான மேசை லேசர்கள் ஏற்கும் மெல்லிய பேப்பர் இந்த 60தான். எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆனால் உள்ளே நிற்கிறது.

எஸ்.பி. ரோடு டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கலாசிபாளையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கணினி உதிரி, பழைய பிரிண்டர், கேபிள் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும் தெரு. பதினொரு கடையில் கேட்டேன். எல்லாருமே டாட் மேட்ரிக்ஸை எடுத்து வைத்தார்கள். லேசர்தான் வேண்டும் என்றால் ஏ4 லேசரைக் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்த மாதிரி என்றதும் பாஸ்புக் பிரிண்டரா என்று கேட்டார்கள். ஒரு கடையில் மட்டும் வயதான மெக்கானிக் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். ஓசூர்க்காரர், தமிழில்தான் பேசினார்.

"அது பெரிய மெஷின் தம்பி. மேசை மேல வைக்கிற மெஷின் இல்ல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. லேசர்ல பேப்பரை நடுவுல நிறுத்த முடியுமா?"

அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது.

இப்படிப்பட்ட லேசர் உலகத்தில் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் விற்பனைக்கு வந்த முதல் பெரிய லேசர் பிரிண்டரே தொடர் பேப்பரில்தான் அடித்தது. ஐபிஎம் 1975-ல் அறிவித்த 3800 என்ற மெஷின் அது. ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். பெரிய கணினி மையங்களில் பில்லும் கணக்கும் அடிக்க வைத்தார்கள். பிறகு பிரின்ட்ரானிக்ஸ் லேசர்லைன் என்ற பெயரில் செய்தது. ஜெர்மனியின் மைக்ரோப்ளெக்ஸ் சாலிட் என்ற வரிசையில் செய்தது. கேமராவுக்குப் பெயர்போன பென்டாக்ஸ்கூட ஒரு காலத்தில் லேசர்ஃபோல்ட் என்று மடிப்புப் பேப்பருக்கான லேசரை விற்றது. இவையெல்லாம் நாள் முழுக்க ஓய்வில்லாமல் அடிக்கிற இடங்களுக்கானவை. ஒரு நாளைக்கு 60 பில் அடிக்கும் லாரி ஆபீசுக்கு ஆகாது.

நம் மேசை மேல் இருக்கும் லேசர் வேறு வம்சம். அது ஜெராக்ஸ் மெஷினின் பிள்ளை. 1969 வாக்கில் கேரி ஸ்டார்க்வெதர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் எடுக்கும் மெஷினுக்குள் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்ததில் தொடங்கிய வழி. 1984-ல் எச்பி லேசர்ஜெட் வந்தபோது அதன் உள்ளே இருந்தது கேனான் செய்த எந்திரம். நகல் மெஷின் தனித்தனித் தாளில் ஓடுவது, ஆகவே மேசை லேசரும் தனித்தனித் தாளையே எதிர்பார்க்கிறது.

மெக்கானிக் சொன்னது சரி என்று தெரிந்தாலும் கையால் செய்து பார்க்காமல் என்னால் விட முடியவில்லை. அவரிடமே பழைய ஏ4 லேசர் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று சோதனைக்கே ஒதுக்கிய மெஷின்.

ஏ4 லேசரில் நுழையும் அதிகபட்ச அகலம் 216 மில்லிமீட்டர், அதாவது எட்டரை அங்குலம். நம் பேப்பரின் ஓட்டைப் பட்டைகளைக் கிழித்தால் மிஞ்சுவது 9 அங்குலம், 228.6 மில்லிமீட்டர். நுழையாது. அமெரிக்காவில் புழங்கும் ஒன்பதரை அங்குலப் பேப்பராக இருந்தால் பட்டை போக எட்டரை அங்குலம் கச்சிதமாக நின்றிருக்கும். நம் ஊர் அளவில் அந்த அரை அங்குலம் இடிக்கிறது. சரி என்று ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் வைத்து இரண்டு ஓரத்திலும் முக்கால் அங்குலம் வெட்டி எட்டரைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கத்தைப் பிரிக்காமல், மடிப்போடு சேர்ந்தபடியே வைத்து, முன்பக்க வாயில் கையால் ஊட்டினேன்.

முதல் பக்கம் அழகாக உள்ளே போனது. வெளியே பாதி வந்தது. அப்புறம் கடகடவென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு, மெஷின் நின்றுவிட்டது. பேப்பர் போகும் வழியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். தாள் வந்தால் நாக்கு மடங்கும், தாள் போனால் நிமிரும். இத்தனை நொடிக்குள் நிமிர வேண்டும் என்று மெஷினுக்கு ஒரு கணக்கு உண்டு. தாளின் வால் வரவே இல்லை என்றால் சிக்கிக்கொண்டது என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மெஷின் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

மூடியைத் திறந்து பேப்பரை மெதுவாக வெளியே எடுத்தபோதுதான் மெக்கானிக் கேட்ட கேள்வியின் பதிலைக் கண்ணால் பார்த்தேன். டோனர் என்ற மைத்தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பகுதிதான் ஃபியூசர். அதைத் தாண்டிய இடத்தில் எழுத்து கெட்டியாக ஒட்டியிருந்தது. தூளைப் பேப்பரில் வைக்கும் டிரம்முக்கும் ஃபியூசருக்கும் நடுவில் இருந்த பகுதியில் எழுத்து இருந்தது, ஆனால் விரல் பட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. டோனர் தூள் பேப்பரில் உட்கார்ந்துவிட்டது, இன்னும் உருகி ஒட்டவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன், என் மெஷினில் அந்த இடைவெளி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்.

டாட் மேட்ரிக்ஸில் ஊசி ரிப்பனைக் குத்தியதும் எழுத்து முடிந்துவிட்டது. எந்த வரியிலும் நிற்கலாம், கிழிக்கலாம், பத்து நிமிடம் கழித்து அடுத்த வரியைத் தொடரலாம். லேசரில் எழுத்து ஓரிடத்தில் பிறந்து இன்னோர் இடத்தில்தான் முழுமை அடைகிறது. தனித்தாள் என்றால் கவலை இல்லை, தாள் முழுக்கக் கடந்து போய்விடும். தொடர் பேப்பராக இருந்தால் கடைசி பில் முடியும்போது எப்போதும் ஒரு துண்டு அந்த 7 சென்டிமீட்டருக்குள் நிற்கும். அதை ஃபியூசரைக் கடக்க வைக்க வெறும் பக்கத்தை ஓட்டித் தள்ள வேண்டும், அல்லது அடுத்த தடவை பேப்பரைப் பின்னால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஃபியூசர் உருளையோ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். பேப்பர் நிற்கும்போது உருளை விலகிக்கொள்ள ஒரு ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் கருகும். பெரிய மெஷின்களில் சிலவற்றில் உருளையே இல்லை, பளிச்சென்று மின்னும் விளக்கின் வெப்பத்தால் டோனரை உருக்குகிறார்கள். இத்தனையும் சேர்ந்தால் மேசை மேல் வைக்கும் மெஷினாக அது இருக்க முடியாது.

அந்த பிளாஸ்டிக் நாக்கை டேப் போட்டு மடக்கி வைத்து மெஷினை ஏமாற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. செய்யவில்லை. சூடான உருளையில் பேப்பர் நின்றுபோனால் காட்டிக்கொடுக்கிற ஒரே காவல் அது. பேப்பர் பெட்டிகள் அடுக்கிய கட்டிடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். நீங்களும் செய்ய வேண்டாம்.

அதற்குப் பதிலாக வேறொன்றை அளந்தேன். சரியாக 250 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை அந்த லேசரில் அடித்துப் பார்த்தேன். தாளில் 249 இருந்தது. ஆயிரத்தில் நாலு பங்கு குறைவு. தனித்தாளில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 12 அங்குலப் பக்கத்துக்கு இது 1.2 மில்லிமீட்டர். ஓட்டையும் பல்லும் இல்லாமல் ரப்பர் உருளை மட்டும் இழுத்துக்கொண்டு போனால், நாலு பக்கத்தில் இந்தப் பிழை சேர்ந்து 4.8 மில்லிமீட்டர். ஒரு வரியின் உயரமே 4.2தான். ஐந்தாவது பில்லில் தொகை கட்டத்தை விட்டு அடுத்த கட்டத்தில் போய் விழும். இருபதாவது பில்லில் இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

ஓட்டைகள் எதற்கு என்பது அன்று இரவுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பேப்பரை இழுப்பதற்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிழை சேரவிடாமல் அரை அங்குலத்துக்கு ஒரு தடவை அதை அழிப்பதற்குத்தான் அவை. டாட் மேட்ரிக்ஸில் ஓட்டைக்குள் பல் மாட்டிப் பேப்பரை நகர்த்தும் பகுதிக்கு டிராக்டர் என்று பெயர். அதன் ஒவ்வொரு பல்லும் பேப்பரைப் பிடித்து, "நீ இருக்க வேண்டிய இடம் இது" என்று நிறுத்துகிறது. ஆயிரமாவது பக்கத்திலும் முதல் வரி முதல் வரியிலேயே விழுவது அதனால்தான். லேசர் அதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. ஒவ்வொரு தாளின் தலையும் உள்ளே ஒரு உருளையில் முட்டி, ஒரு கணம் நின்று, நேராகி, அப்புறம்தான் டிரம்முக்குப் போகிறது. பிழை ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகத் தொடங்கி அந்தத் தாளோடு முடிகிறது. அப்படியானால் லேசருக்கு ஓட்டைகள் தேவையே இல்லை, தாளின் விளிம்பு மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். அதுவரை பேப்பருக்கு ஏற்ற மெஷினைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து மெஷினுக்கு ஏற்றபடி பேப்பரை மாற்றுவது எப்படி என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மாமாவிடம் சொன்னபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "வெட்டிப்போட்டா திரும்ப ஒட்ட முடியாது மாப்ள. ஒரு பெட்டியில மட்டும் பண்ணிப் பாரு."

வெட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. முன்பே அச்சடித்த மை ஃபியூசரின் சூட்டைத் தாங்குமா? தாங்காத மை என்றால் உருகி உருளையில் ஒட்டும், அடுத்தடுத்த பக்கங்களில் நிழலாக விழும். வீட்டு அயர்ன் பாக்ஸை நன்றாகச் சூடாக்கி, பில்லின் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு அழுத்திப் பார்த்தேன். துணியில் கறை இல்லை. ஐந்து வெவ்வேறு பெட்டியிலிருந்து ஒவ்வொன்று எடுத்துச் செய்தேன். எல்லாம் சரி.

பட்டையைக் கையால் கிழித்து மடிப்பையும் கையால் கிழித்தால் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக நார் நிற்கும். அது டிரம்மைக் கெடுக்கும். அச்சகத்தின் கட்டிங் மெஷின்தான் சரி. அவென்யூ ரோட்டின் பின்சந்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பெட்டிக்கு 150 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கென்றே பர்ஸ்டர் என்று ஒரு மெஷின் உண்டு என்று அங்கே சொன்னார்கள். முன்னால் ஒரு ஜோடி உருளை, பின்னால் அதைவிட வேகமாக ஓடும் இன்னொரு ஜோடி. வேக வித்தியாசத்தில் மடிப்பில் பட்டென்று பிரிந்துவிடும். நமக்கு அதற்கு வேலை குறைவு.

வெட்டும் அளவை மட்டும் நான் பென்சிலில் குறித்துக் கொடுத்தேன். மொத்தம் ஒன்றரை அங்குலம், 38.1 மில்லிமீட்டர் போக வேண்டும். ஓரத்துக்குப் பாதி பாதி என்று வெட்டியிருந்தால் கெட்டிருக்கும். அச்சடித்த கட்டம் நடுவில் இல்லை, 2 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி இருந்தது. அதனால் இடப்பக்கம் 17, வலப்பக்கம் 21. மடிப்புப் பக்கங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டர் மட்டும். லேசர் எந்த ஓரத்திலும் சுமார் 4.2 மில்லிமீட்டரைத் தொடாது. எட்டரை அங்குலத் தாளில் அதுபோக 207.5 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 80 எழுத்துக்கு வேண்டியது 203.2. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் மிச்சம். அதனால்தான் அந்த 2 மில்லிமீட்டர் நகர்வு எனக்கு அத்தனை பெரியதாகத் தெரிந்தது.

கட்டிங் மெஷினில் 1,000 பக்கத்தையும் ஒன்றாக வைக்க முடியவில்லை. மடிப்பு இருக்கும் இரண்டு முனையும் உப்பிக்கொண்டு நடுவில் பள்ளமாக இருந்ததால், அழுத்தியதும் கட்டு நழுவியது. 250, 250 ஆகப் பிரித்து வைத்து வெட்டினார்கள். விளிம்பு கண்ணாடி மாதிரி வந்தது.

ஆபீசுக்குக் கொண்டுவந்து ட்ரேயில் வைத்து பத்துப் பக்கம் அடித்தேன். முதல் பில் சரி. இரண்டாவது பில் தாளின் வெற்றுப் பின்புறத்தில் வந்தது, திருப்பிப் பார்த்தால் தலைகீழ். மூன்றாவது சரி. நாலாவது மறுபடியும் பின்புறம்.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மடிப்புப் பேப்பர் கட்டாக இருக்கும்போது ஒன்று விட்டு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. முதல் பக்கம் வானம் பார்க்கும், இரண்டாவது தரை பார்க்கும், அதன் தலை இந்தப் பக்கம் இருக்கும். விரித்துக்கொண்டே போகும் டாட் மேட்ரிக்ஸுக்கு அது தெரியாது. கட்டாக வெட்டியவனுக்குத் தெரியும். வெற்றுப் பேப்பராக இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. அச்சடித்த பேப்பரில் 1,000 பக்கத்தில் 500 கவிழ்ந்து கிடந்தது.

ஆபீஸ் கணக்கு பார்க்கும் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டை எடுத்தார். "இதுக்கு ஏன் தம்பி தலையில கை வெக்கறீங்க? ரெண்டாப் பிரிச்சாப் போச்சு" என்று சீட்டு போடுகிற மாதிரி வலது ஒன்று, இடது ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார். இடப்பக்கக் கட்டை அப்படியே தலையை நம் பக்கமிருந்து எதிர்ப்பக்கம் போகும்படி ஒரு புரட்டுப் புரட்டினார். முகமும் நிமிர்ந்தது, தலையும் நேரானது. ஒரே புரட்டில் இரண்டும் சரியாவது ஏன் என்று நான் ஒரு பேப்பரை மடித்து வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தேன். 1,000 பக்கத்துக்கு அவருக்கு 12 நிமிடம், எனக்கு 20. வாடகை பில்லில் வரிசை எண் முன்பே அச்சாகவில்லை, எண்ணை நிரலே போடுகிறது. அதனால் இப்படிக் கலைத்தாலும் நஷ்டமில்லை. எண் அச்சடித்த பேப்பரில் இந்த வேலையைச் செய்தால் ஒற்றைப்படை ஒரு கட்டு, இரட்டைப்படை அதற்கு எதிர் வரிசையில் இன்னொரு கட்டு என்று ஆகிவிடும். கவனம்.

வெட்டிய தாள்கள் விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ட்ரேயில் வைப்பதற்கு முன் விசிறி மாதிரி நாலு பக்கமும் விரித்துத் தட்ட வேண்டும். தூசி கொட்டும், ஆகவே வெளியே போய்த் தட்ட வேண்டும். மாடியறையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த பேப்பர் ஈரம் இழுத்து ஓரத்தில் அலை அலையாக இருந்தது. இரண்டு நாள் கீழே கொண்டுவந்து வைத்திருந்த பிறகு சுருள்வது குறைந்தது.

மிச்சம் இருந்தது நிரல். ஆபீசில் ஓடுவது பல வருடத்துக்கு முன் ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்தது. அது நேராக டாட் மேட்ரிக்ஸின் மொழியில் பேசும். 15 அனுப்பினால் எழுத்து நெருக்கமாகும், 18 அனுப்பினால் பழையபடி ஆகும், 12 என்றால் அடுத்த பக்கம், 27ம் 69ம் சேர்த்து அனுப்பினால் தடித்த எழுத்து, 27ம் 70ம் என்றால் தடிப்பு போகும். ஆபீசில் ஏற்கெனவே இருந்த சாதாரண ஏ4 லேசருக்கு இந்த எண்கள் எதுவும் புரியாது. கணினியே படமாக்கி அனுப்பினால்தான் அடிக்கும். நல்லவேளையாக நிரலின் மெனுவில் பிரிண்டர் போர்ட்டின் பெயரை மாற்றும் இடம் இருந்தது. அங்கே ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்ததும் பில் எல்லாம் அந்தக் கோப்பில் போய் விழுந்தது. அதைப் படித்துப் பிடிஎஃப் ஆக்கும் சின்ன நிரல் ஒன்றைப் பைதானில் எழுதினேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கூரியர் எழுத்துருவில் எல்லா எழுத்தும் உயரத்தில் 0.6 பங்கு அகலம். 12 பாயின்ட் கூரியர் என்றால் எழுத்துக்கு 7.2 பாயின்ட். அங்குலத்துக்கு 72 பாயின்ட், ஆக அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்து. வரிக்கு வரி 12 பாயின்ட் என்றால் அங்குலத்துக்குச் சரியாக 6 வரி. நெருக்கமான எழுத்துக்கு அங்குலத்தில் ஏறக்குறைய 17 வேண்டும், 7 பாயின்ட் வைத்தால் 4.2 பாயின்ட் அகலத்தில் அதுவும் வந்துவிடுகிறது. எதையும் இழுக்கவோ சுருக்கவோ வேண்டியிருக்கவில்லை. கூரியர் நியூ லேசரில் மெலிந்து தெரிந்ததால், அதே அகலம் கொண்ட லிபரேஷன் மோனோவைப் போட்டேன். ஸ்கேனில் இப்போது 3 மூன்றாகவும் 8 எட்டாகவும் தெரிகிறது.

பேப்பர் அளவை 215.9க்கு 302.8 என்று தனியாகப் பதிந்துகொண்டேன். முதல் தடவை அடித்தபோது கீழே போகப்போக வரிகள் கட்டத்தை விட்டு மேலே ஏறின. பக்கத்துக்குப் பொருத்திச் சுருக்கும் டிக் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, உண்மை அளவில் அடி என்று வைத்ததும் நேரானது. மேலே ஒரு மில்லிமீட்டர் வெட்டுப்பட்டதற்கு நிரலில் அதே ஒரு மில்லிமீட்டர் மேலேற்றினேன்.

இதற்கு நடுவில் லேசருக்குக் கட்டளை அனுப்பும் எச்பியின் பிசிஎல் மொழியைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மடிப்பைத் தாண்டிக் குதிப்பதற்கென்றே அதில் ஒரு கட்டளை இருக்கிறது. மடிப்பே இல்லாத தனித்தாள் லேசரின் மொழியில், ஓட்டைப் பேப்பரின் ஞாபகம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

எல்.ஆர். மட்டும் மாறவில்லை, மாற்றவும் கூடாது என்பதுதான் என் முடிவு. சரக்கு ஏற்றும்போது கொடுக்கும் ரசீது அது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்று படி வேண்டும், மூலப்படி சரக்கு அனுப்புகிறவருக்கு. லேசரில் மூன்று தடவை அடித்தால் மூன்று படி வந்துவிடும்தான். ஆனால் டிரைவர் போடும் கையெழுத்து, குடோன்காரர் எழுதும் "இரண்டு மூட்டை நனைந்துள்ளது" என்ற குறிப்பு, இவையெல்லாம் மேல் தாளில் எழுதினால் அடுத்த இரண்டிலும் பதிய வேண்டும். அதற்கு அடுக்குப் பேப்பர் வேண்டும், அடுக்குப் பேப்பரில் அடிக்க ஊசியின் குத்து வேண்டும். லேசர் தொடுவது மேல் தாளை மட்டும். அதனால் டாட் மேட்ரிக்ஸ் தன் இடத்திலேயே இருக்கிறது. ஹெட்டைத் துடைத்து, புது ரிப்பன் போட்டு, பேப்பர் கனத்துக்கான நெம்புகோலை மூன்று அடுக்குக்குத் தள்ளி வைத்தேன். இடப்பக்க டிராக்டர் பூட்டு தளர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

எஸ்.பி. ரோட்டு மெக்கானிக்கிடம் அச்சான பில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். எந்த அச்சகத்தில் வெட்டினோம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இதை எழுதும்போது ஆறாவது பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆறில் தாள் சிக்கியது நாலு தடவை, நாலும் சரியாக விசிறாமல் வைத்த கட்டில். பில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மீதி 25 பெட்டியை மொத்தமாக வெட்டி வைக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார், மாதத்துக்கு இரண்டு போதுமாம். வெட்டி விழுந்த ஓட்டைப் பட்டைகளை அக்கா ஒரு பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இரண்டு பட்டையைக் குறுக்கே வைத்து மாற்றி மாற்றி மடித்தால் ஸ்பிரிங் மாதிரி வருமே, அதைச் செய்ய அவர் மகனுக்கு இன்னும் வேண்டுமாம்.